எப்படி உடைந்தது?

பாப்பாவின் அப்பாவுக்கு,

சின்னசேலத்தில், உங்கள் அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. இங்கே மிக்ஸி மறுபடி ஓடுகிறது. காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பழுது பார்க்கும் முகாம் நடந்தது. கூலி வாங்க மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பொருளைக் கொண்டுபோனவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது எப்படி உடைந்தது என்று சொல்ல வேண்டும். முந்தைய மாத முகாம்களில் குக்கருக்கும் டேபிள் ஃபேனுக்கும், "கை தவறி வுழுந்துடுச்சுங்க" என்றுதான் சொன்னேன்.

இந்த முறை, மிக்ஸி பார்க்கும் ரிஹானா அக்கா விரிசலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, மாசா மாசம் உன் கை மட்டும் தவறிக்கினே இருக்குது?"

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே, "என் கை இல்லீங்கக்கா" என்றேன்.

அக்கா ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டி, "நீயே கழட்டு" என்றார். கழற்றினேன். உடைந்த அடிப்பாகத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்றை மாட்டினேன். அடுத்த மாதம் முகாமில் நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறேன்; வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியை நானும் கேட்பேன்.

பாப்பா இப்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்திருப்பதில்லை.

வாசல் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. நீங்கள் உதைத்துப் பெயர்த்த பழையதற்கு நாலு ஸ்க்ரூ, இதற்கு ஆறு. ஆறையும் நானே முடுக்கினேன். பேச வேண்டுமென்றால் பகலில், உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். திறப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொள்கிறேன்.

கதவைக் கையால் தட்டுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா