கண்ணாடிக்கு எதிரே வைத்த படம்

என் மதிக்கு,

சில நிமிடம் முந்திப் பிறந்துவிட்டு, அந்தச் சாட்டிலேயே கடைசிவரை உன்னை 'அக்கா' என்று என்னைக் கூப்பிட வைத்தவளே, எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டு என்ன பயன்? நீ போய் ஒரு வருடம்; உன் ஆட்டைத் திவசம் நேற்று முடிந்தது. வந்த சனமெல்லாம் போய்விட்டது, பெரிய சட்டிகளையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனி நாங்கள் இரண்டு பேரும் ஆறுதலாகக் கதைக்கலாம்.

டெங்குக் காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உன் உடம்பைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று இங்கே ஒருவருக்கும் தலை வேலை செய்யவில்லை. அஞ்சலி நோட்டீசுக்குப் படம் கேட்டபோது, உன் போனில் கடைசியாக இருந்த படத்தை மாமா எடுத்துக் கொடுத்துவிட்டார். நீயே எடுத்த செல்ஃபி. உன் போன் முகத்தைக் கண்ணாடிபோல இடம்வலம் மாற்றித்தான் பிடிக்கும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? உன் இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்குப் போய்விட்டது. எனக்கு மச்சம் வலக் கன்னத்தில். இரட்டைப் பிள்ளைகளில் எது மதி, எது வாணி என்று ஊர் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தானே? உரும்பிராய்ச் சந்தி மதிலெல்லாம் உன் பெயர், என் முகம்.

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிற மனுசி என்னைக் கண்டதும் தராசைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐயோ பிள்ளை, நீயெல்லோ செத்துப்போனாய் எண்டு அழுதனான்!"

"நானில்லை. அக்கா மதிதான்."

"அப்ப நான் திரும்ப அழவேணுமே," என்றவள், உண்மையாகவே அழத் தொடங்கினாள். நீ இருந்திருந்தால் இதை நடித்துக் காட்டியே எங்களைச் சிரிக்க வைத்திருப்பாய்.

அம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பிரேம் போட்டு வந்த அதே படத்துக்கு மாலை போட மறுத்துவிட்டார். "இது மதியில்லை. உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு நான் மாலை போடுவனோ?" என்றார். மாற்றி அடிப்பித்து வருகிறேன் என்றேன், அதற்கும் விடவில்லை. செத்தவீடு என்று துணி போட்டு மூடியிருந்த அலுமாரிக் கண்ணாடியைத் திறந்து, அதற்கு எதிரே அந்தப் படத்தை வைத்தார். கண்ணாடிக்குள் மச்சம் இடம் மாறியது. நீ வந்துவிட்டாய்.

பிறகு, படம் தேவைப்படவில்லை. நான் போதும் என்று ஆயிற்று. "வா பிள்ளை, தலை இழுத்து விடுறன்" என்று சீப்போடு வந்து என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்துவார். கை என் தலையில் இருக்கும், கண் கண்ணாடியில் இருக்கும். என் முகத்தை நேரே பார்ப்பதை அம்மா விட்டுவிட்டார், மதி. உன்னை இழந்தது போதாதென்று அம்மாவையும் இழந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒளி படிப்பிக்கிறவள் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல் பாடமே நடத்தினேன். கதிர்கள் கண்ணாடியில் பட்டுத் திரும்புகின்றன, பின்னாலிருந்து வருவதுபோலத் தெரிகிறதே தவிர அங்கே ஒன்றுமில்லை, அதனால்தான் அது மாய விம்பம், ஒரு தாளைக் கொண்டுபோய்ப் பிடித்தாலும் விழாது என்றேன். "அதுக்குப் பின்னாலை வெறும் பலகை, அம்மா."

"எனக்குத் தெரியாதோ? தூசு தட்டுறது நான்தானே. கொஞ்சம் ஆடாமல் இரு."

நாங்கள் படிக்கிற காலத்தில் வில்லையை யன்னலுக்கு நேரே பிடித்து, வெளியில் நின்ற முருங்கையைச் சுவரில் விழுத்தியது நினைவிருக்கிறதா? கதிர்கள் உண்மையாகவே வந்து சேர்ந்ததால் சுவரில் பிடிபட்ட மெய் விம்பம். முருங்கை தலைகீழாகத் தொங்கியது. "பிடிபடுறது தலைகீழா நிக்குது, நேரா நிக்கிறது பிடிபடாதாம். உது என்னடி நியாயம்?" என்று சண்டைக்கு வந்தாய். இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது என்னால் பாதிக்கு மேல் போக முடியவில்லை.

திவசத்துக்கு முதல்நாள், கேட்காமலே உன் படத்தைச் சரியாக மாற்றி அடிப்பித்துக் கொண்டுவந்தேன். ஸ்டுடியோக்காரப் பொடியனுக்குக் கண் மூடித் திறக்கிற வேலை. அம்மா வழக்கம்போல அதையும் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். உள்ளே மச்சம் வலக் கன்னத்துக்கு மாறி, நான் தெரிந்தேன். பிறகு படத்தைத் திருப்பி நேரே பார்த்தார். பிறகு என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, மச்சத்தைப் பெருவிரலால் தடவினார்.

"வாணி, உன்ரை முகத்தை நான் ஒரு வருசமாப் பாக்கேல்லை, என்ன?"

"ஓம் அம்மா."

"அந்த மாலையை எடு."

மாலையைப் போட்டுவிட்டுப் படத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துகொண்டு அழுதார். ஒரு வருடத்து அழுகை.

அம்மா உன்னைக் கண்ணாடியிலிருந்து விட்டுவிட்டார். நான்? இன்று காலை தனியே தலை இழுக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். நேராய் நின்றாய். "அக்கா" என்று கூப்பிட்டேன். உன் வாயும் அசைந்தது. அதுவும் "அக்கா" என்றுதான் அசைந்தது.

நீ ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லையே, மதி.

இனி அங்கே உன்னைத் தேடமாட்டேன். அம்மாவுக்கு என் முகத்தையே காட்டிக்கொண்டு கிட்ட இருப்பேன். நாளைக்கு வகுப்பில் அந்தப் பாடத்தையும் முடித்துவிடுவேன், சத்தியம்.

ஒரே வயிற்றில் உனக்குப் பின்னால் நின்ற,
உன் தங்கச்சி வாணி