நாற்பது நாளும் எனக்குத்தான்

டூயிஸ்பர்க், ஜெர்மனி
8 அக்டோபர் 2017

அன்பு மகள் ஹிலாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற இருப்பில் சுகம்தான், அவருக்கு முழங்கால், எனக்கு மனசு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நார்வேக் குளிரில் நீயும் உன் வயிற்றில் இருப்பதும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வெட்டிவிடுகிறாய், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அப்பா தோட்டச் சங்கத்தாரோடு மறுபடியும் மல்லுக்கு நிற்கிறார். நம் வேலிச்செடி ஒரு சாண் அதிகமாம், அளவுகோலோடு வந்து நின்றார்கள். இவரும் சளைக்காமல் தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவர் தோட்டத்து வேலியை அளக்கப் போய்விட்டார். மிளகாய் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, உனக்கென்று உலர்த்தி வைத்திருக்கிறேன். முஹர்ரம் மாதம் ஆயிற்றே, போன ஞாயிறு அஷுரேப் பாயசம் காய்ச்சினேன், கோதுமை, கொண்டைக்கடலை, அத்தி, பாதாம் எல்லாம் போட்டு அண்டா நிறைய. கட்டிடம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாயிற்று. கடைசிக் கிண்ணத்தை வேண்டுமென்றே கீழ்வீட்டு ரெனாட்டேவுக்கு என்று ஒதுக்கி வைத்தேன், ஏனென்றால் அவளிடம் எனக்குப் பேச வேண்டியிருந்தது.

என்ன பேச வேண்டியிருந்தது என்று உனக்கே தெரியும். "டிசம்பர்ல குழந்தை பிறந்ததும் ரெனாட்டே வந்து கூட இருக்கேன்னு சொல்லியிருக்கா, நீ அப்பாவை விட்டுட்டு அலையாதம்மா" என்று செய்தி அனுப்பினாயே, அதைப் படித்ததும் நான் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியாக விடக் கூடாது என்பது நம் துருக்கி ஜனங்களிடம் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தலையில் சிவப்பு ரிப்பன் கட்டவும், பட்டை கிராம்பு போட்டுச் சிவப்புச் சர்பத் காய்ச்சவும், நாற்பதாம் நாள் தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றவும் பெற்ற தாய் இருக்கும்போது ரெனாட்டே எதற்கு. அவள் உனக்கு என்ன காய்ச்சிக் கொடுப்பாள், உருளைக்கிழங்கு சூப். அங்கே பேசுவது நார்வே மொழி, அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, அந்த ஒன்றிலாவது நாங்கள் இருவரும் சமம் அல்லவா. உன் அப்பாவிடம் புலம்பினால் அவர் "வயிறு எரியுற வாடை தெருவரைக்கும் போகுது, ஜன்னலைச் சாத்து நாஜியே" என்கிறார். எரியத்தான் செய்கிறது. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் படுக்கைவிரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தவள் அவள், உனக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தவள் அவள், நீச்சலுக்குக் கூட்டிப் போனவள் அவள். நீ பட்டம் வாங்கிய போட்டோவைப் பார், நடுவில் நீ, உன் தோளில் கை போட்டு அவள், ஓரத்தில் என் கைப்பையும் பாதி நானும். அந்தப் போட்டோவில் அவள் இருக்கிற பக்கத்தை மறைத்து ஒரு பூச்சாடி வைத்திருக்கிறேன். அப்பா தினமும் அதை நகர்த்திவைக்கிறார், நான் தினமும் திரும்ப வைக்கிறேன்.

ஆக, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இத்தனை வருஷமாக என் கிண்ணத்தை அவள் கழுவித் துடைத்து வெறுமையாகத்தான் திருப்பித் தருவாள், வெறுங்கிண்ணம் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்வது, அந்தக் கோபமும் கூடவே இறங்கி வந்தது. என் உடைந்த ஜெர்மனில் நேராகக் கேட்டுவிட்டேன், "என் பொண்ணு. என் பேரப்புள்ள. உனக்கு அங்க என்ன வேலை" என்று. எழுபத்துநாலு வயசுக்காரி, கோபப்படுவாள் என்று பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு நாஜியே, இருபது வருஷமா இதைச் சொல்லக் கூடாதுன்னு உன் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், நேத்து போன்ல அவகிட்ட கேட்டேன், உங்க இஷ்டம்னு சொல்லிட்டா" என்றாள். என்ன விஷயம் என்று தெரிவதற்கு முன்பே எனக்கு வயிறு எரிந்தது, உன் அனுமதி அவளிடம் இருக்கிறதே என்று.

நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியையைப் பார்க்க நாம் இருவரும் போனோமே, அந்த நாள்தான். அந்த வகுப்பில்தானே எந்தப் பிள்ளை காலேஜ்வரை போகிற மேல்பள்ளி, எந்தப் பிள்ளை கைவேலையோடு முடிகிற கீழ்ப்பள்ளி என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு இரும்பு உலையில் பகல் ஷிப்ட். எனக்குப் பாஷை வராது, நம் ஆட்கள் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன், பத்து வயசுப் பிள்ளை உன்னையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போனேன். பழுப்புக் கோட்டு போட்டிருந்தேன், கையில் ஒரு தட்டு கீரை பெரெக், விடியற்காலை எழுந்து மாவு தேய்த்துக் கீரையை உள்ளே வைத்துச் சுட்டது. திருமதி வெஸ்ட்காம்ப் நிறைய நேரம் பேசினாள், சிரித்த முகமாகவே பேசினாள். நீ என்னைப் பார்த்து, "நான் நல்லாப் படிக்கிறேனாம்மா, வகுப்புல இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசணுமாம்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியை என்றால் நம் ஊரில் பெற்றவளுக்கும் மேல், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டோம், மனசாரப் பேசிவிட்டு வருவோம். நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்லயே இவதான் அறிவாளி. பாலம் கட்டப்போறேங்கிறா, கட்டிருவா. உங்க பிள்ளையா நினைச்சுப் பாத்துக்கங்க" என்றேன். நீ அதை ஜெர்மனில் சொன்னாய். இரண்டு வார்த்தைதான் சொன்னாய். ஜெர்மனில் எல்லாம் முழநீளமாயிற்றே, இது மட்டும் எப்படி இரண்டு வார்த்தையில் முடிந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வாசல்வரை நடந்து திரும்பி மூன்று தடவை நன்றி சொன்னேன், அது ஒன்று எனக்கு ஜெர்மனில் வரும்.

அந்தச் சிரித்த முகம் பேசியது என்ன என்று ரெனாட்டே சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. "கணக்குல கெட்டிக்காரிதான். ஆனா படிப்பு வாசனையே இல்லாத வீடு, மேல்பள்ளிக்கு அனுப்பினா பாவம் திணறிப்போகும். இந்த வீட்டுப் பொண்ணுங்களைப் பதினெட்டுல கல்யாணம் பண்ணிக் கொடுத்துருவாங்க. கீழ்ப்பள்ளி போதும், அங்க சமையல் நல்லாச் சொல்லித் தர்றாங்க" என்றாளாம். அதை நீ கேட்டுக்கொண்டு, விழுங்கிக்கொண்டு, என்னிடம் சிரித்துக்கொண்டே வேறு ஒன்று சொல்லியிருக்கிறாய். நான் அவளுக்கு மூன்று தடவை நன்றி சொன்னதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். அன்று சாயங்காலம் கீழே போய் ரெனாட்டேவிடம், "நாங்க தரம் குறைஞ்சவங்களா" என்று கேட்டாயாம். கேட்டுவிட்டு அவள் மடியில் படுத்து அழுதாயாம். நான் அந்த நேரம் நேர் மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், பெரெக் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன் ஹிலால்.

ரெனாட்டே மறுநாளே பள்ளிக்கூடம் போய் மேசையைத் தட்டியிருக்கிறாள். "எங்க தாத்தா போலந்திலேர்ந்து சுரங்கத்துக்கு வந்தப்ப அவரையும் இப்படித்தான் பேசினீங்க, இந்தப் பொண்ணு மார்க்கை எடுத்து வைங்க, பேசலாம்" என்று கேட்டாளாம். ஜனவரியில் மேல்பள்ளி என்று சீட்டு வந்தது. அது ஆசிரியையின் பெருந்தன்மை என்று நம்பி நான் இன்னொரு தட்டு பெரெக் சுட்டு உன்னிடம் கொடுத்தனுப்பினேனே, அதை நீ என்ன செய்தாய் என்று ரெனாட்டேவிடமே கேட்டேன். நீயும் ரெனாட்டேவும் கால்வாய்க்கரையில் உட்கார்ந்து முழுத் தட்டையும் தின்றீர்களாம். சொல்லிவிட்டு அந்தக் கிழவி சிரிக்கிறாள், "இன்னைக்கு வரைக்கும் அந்த மாதிரி பெரெக் சாப்பிடல" என்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மகளே, இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. திடீரென்று ஒருநாள் மந்திக் கொழுக்கட்டைக்குப் பூண்டுத் தயிர் வேண்டாம் என்றாய், நாக்கு நீளம் என்று திட்டினேன், வகுப்பில் உன்னைப் பூண்டுத்தின்னி என்று சொல்லி மூக்கைப் பொத்தியதை ரெனாட்டே சொன்னாள். முதல் மதிப்பெண் வாங்கினாலும் வீட்டுக்கு வந்து "வேற யாரோட தாளையோ மாத்திக் கொடுத்துட்டாங்களோ" என்பாய், தன்னடக்கம் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினேன். பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை கிடைத்த அன்றும் போனில் நீ முதலில் சொன்னது "ஏதோ தப்பா எடுத்துட்டாங்கன்னு நினைக்கிறேம்மா" என்பதுதான். போன மாதம் விளையாட்டுப் போல ஒன்று சொன்னாயே, "குழந்தை அதோட அப்பா நிறத்துல பிறந்தா நல்லதும்மா, பேரும் அவங்க ஊர்ப் பேராவே வெச்சுடலாம்" என்று. அன்று நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், சும்மா உம் கொட்டிவிட்டேன். எவளோ ஒருத்தி கால் மணி நேரம் பேசியது இருபது வருஷம் உனக்குள் உட்கார்ந்து, இப்போது பிறக்காத பிள்ளைக்கும் பேர் வைக்க வந்துவிட்டது.

பொறாமை என்று ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ரெனாட்டே போட்ட சண்டைமேல் பொறாமை இல்லை, அந்தப் பாஷை எனக்கு இருந்திருந்தால் நான் அவளைவிட நன்றாகவே போட்டிருப்பேன். நீ அழுத அந்த அழுகைமேல்தான் பொறாமை. அது என் மடியில் விழ வேண்டியது, இருபது வருஷமாக அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைத்தான் கேட்டேன், உன்னைக் கேட்கத் தைரியமில்லை. "உன்னைப் பாத்து அவ வெட்கப்படல நாஜியே, நீ தலை குனியறதைப் பாக்கக் கூடாதுன்னு நினைச்சா" என்றாள். அதையும் அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது பார். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி இன்னொன்று சொன்னாள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதை நீ ஆசிரியையிடம் சொல்லவே இல்லையாம். "அம்மா நன்றி சொல்றாங்க" என்று முடித்துவிட்டாயாம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அதைச் சொன்னா டீச்சர் சிரிச்சிருப்பாங்க" என்றாயாம்.

எனவே நான் முடிவு செய்துவிட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று, டிசம்பர் இரண்டாம் தேதி வருகிறேன். நாற்பது நாளும் எனக்குத்தான், அதில் பங்கு கிடையாது. ரெனாட்டே நாற்பத்தோராம் நாள் வரட்டும், நானே சொல்லிவிட்டேன், அவளும் தலையாட்டிவிட்டாள். நேற்று என் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள், உள்ளே ஆறு ஆப்பிள் இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் உன் பேரைச் சொல்கிறாள், போகட்டும். அப்பா தோட்டத்தைக் காவல் காத்துக்கொண்டு இங்கேயே இருப்பார். பூண்டு நான் கொண்டுவருகிறேன், அங்கே கிடைக்கும் என்று சொல்லாதே.

ஒன்றே ஒன்று மறக்காதே. அங்கே ஆஸ்பத்திரியிலோ குழந்தை எடை பார்க்கிற இடத்திலோ யாராவது என்னிடம் ஏதாவது பேசுவார்கள், நீதான் மொழிபெயர்ப்பாய். இந்த முறை அவர்கள் சொன்னதைச் சொன்னபடி என்னிடம் சொல், கசப்பாக இருந்தாலும் சொல், எனக்குக் கழுத்து உறுதியாக இருக்கிறது, குனியாது. அப்புறம் நான் சொல்வதையும் சொன்னபடி அவர்களிடம் சொல். பழைய வாக்கியம்தான், எங்கள் வீட்டிலேயே இவள்தான் அறிவாளி, பாலம் கட்டுகிறவள். முழுசாகச் சொல்ல வேண்டும், நன்றி சொல்கிறார்கள் என்று முடிக்கக் கூடாது. எனக்கு நார்வே மொழி ஒரு எழுத்தும் தெரியாதுதான். ஆனால் பக்கத்தில் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சொன்னாயா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்து நலமாகக் கையில் கொடுக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் முதலில் எனக்கு எழுது, ரெனாட்டேவுக்கு அப்புறம் எழுதலாம்.

உன்னைப் பெற்றவள்,
நாஜியே