தயாரா என்று கேட்டார்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மேகத்துக்கு மேலே என் நிழலைப் பார்த்தேன். சின்னதாக, மூக்கு நீண்ட ஒரு நிழல், வெள்ளைப் பரப்பின் மேல் என்னோடு ஓடி வந்தது. அதைச் சுற்றி ஒரு முழு வட்ட வானவில். தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு வானவில் பாதிதான் கிடைக்கும். எனக்கு முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன, தூங்கிட்டீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

"இல்ல, வேடிக்கை பாக்கறேன்."

அதன் பிறகுதான் இறுக்கமான திருப்பம். உடம்பு கல்லாகிக் கையைத் தூக்கவே முடியாத அந்த நேரத்தில் திரைகள் அணைந்தன. மறுபடியும். ஒரு மூச்சை இழுத்து விடும் நேரம், அவ்வளவுதான். பிறகு அவையே விழித்துக்கொண்டன. நடுவில் வேகம் தெரியாது, உயரம் தெரியாது, எதிரி எங்கே என்று தெரியாது. வானம் மட்டும். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மூச்சு அழகாகத்தான் இருந்தது. சண்டையில் அது கடைசி மூச்சாக இருக்கும்.

இறங்கியதும் கூட்டம். இந்தப் போர் விமானத்தின் கணினி நிரலை எழுதும் குழுவுக்குத் தலைவன் என் கணவன். வீட்டில் எனக்கு அவன் 'நீ', அலுவலகத்தில் 'நீங்க'.

"நீங்க சொல்ற மாதிரி எங்க பதிவுல எதுவும் இல்லையே" என்றான்.

"இருக்காது. பதிவுக் கருவியும் அதே கணினியோட சேர்ந்துதானே தூங்குது?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பேனா மூடியைப் பார்த்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தொலைக்காட்சியில் எங்கள் விமானத்தைப் பற்றித்தான் சண்டை. ஒருவர், சொன்ன விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, இந்தப் பணத்தில் எத்தனை மருத்துவமனை கட்டலாம் என்கிறார். இன்னொருவர், எல்லையில் நிற்பவன் கையில் என்ன கொடுப்பீர்கள், விளக்குமாறா என்கிறார். இரண்டு பேரும் சரி என்று எனக்குத் தோன்றியது. அதுதான் தொல்லை.

அத்தை செய்தியைத் தொடர் மாதிரி பார்ப்பவர். "ஏம்மா, இத்தனை வருஷமா ஒரே வண்டியவா செஞ்சிட்டிருக்கீங்க? இந்நேரம் நான் வீடு கட்டி, வாடகைக்கு விட்டு, குடியிருக்கறவனோட சண்டையும் போட்டு முடிச்சிருப்பேன்."

அவர் மகன் பேசாமல் எழுந்து குளிக்கப் போனான். ஏற்கெனவே குளித்திருந்தான்.

மார்ச் 3

திட்ட இயக்குநர் கூப்பிட்டார். நாடாளுமன்றத்தின் செலவுக் குழு என்னை நேரில் அழைத்திருக்கிறதாம். சோதனை விமானியின் வாயால் கேட்க வேண்டுமாம்.

"ஒரே வார்த்தை போதும்மா. தயார்னு சொல்லிடுங்க. மிச்சத்த போகப்போக சரி பண்ணிக்கலாம். இல்லன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

மிரட்டவில்லை. கெஞ்சினார். அவருக்குத் தலை நரைத்ததே இந்த விமானத்தால்தான்.

மாலையில் சோம்பேறி பேசினான். என்னோடு பயிற்சி முடித்தவன். நின்றுகொண்டே தூங்குவான் என்பதால் அந்தப் பெயர். இப்போது முன்னணிப் படையில் இருக்கிறான். அங்கே இன்னும் பழைய விமானங்கள்தான். சிலவற்றுக்கு ஓட்டுபவர்களைவிட வயது அதிகம். "சீக்கிரம் புதுசை அனுப்புங்கப்பா. எங்க வண்டி இருமுது" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன்.

மார்ச் 9

சாப்பிட்ட பாத்திரங்களை நான் கழுவினேன், என் கணவன் துடைத்து அடுக்கினான்.

"குழுவுல என்ன சொல்லப் போற?"

"நடந்ததை."

"தரையில எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்துட்டோம். ஒரு தடவகூட அணையல." ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "அந்தத் திருப்பத்துல ரத்தம் தலைலேருந்து இறங்கும். கண்ணு இருட்டும். திரை இருட்டல, உனக்குத்தான் இருட்டியிருக்கும்னு சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா யாரு?"

அடுத்த தட்டை எடுத்தான்.

அவன்தான் சொல்றான். வேற யாரு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து என்னைத் தெரிஞ்சவன், என் கண்ணை நம்பலன்னா – சரி, விடு. அதுகூடப் பரவாயில்ல. எனக்கே சந்தேகம் வந்திடுச்சே. அதைத்தான் தாங்க முடியல.

மார்ச் 10

என் கண் இருட்டியிருந்தால் வானமும் இருட்டியிருக்க வேண்டும். வானம் நீலமாகத்தானே இருந்தது?

மார்ச் 14, வெள்ளி

குழு அறைக்கு ஜன்னல் இல்லை. வானத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. நீள மேசை, மூடி போட்ட தண்ணீர்க் குவளைகள், கடைசி வரிசையில் எங்கள் ஆட்கள். அவனும்.

முதலில் உறுப்பினர்களே அடித்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் ஒருவர், திட்டத்தை இன்றைக்கே நிறுத்திவிட்டு வெளிநாட்டில் வாங்கலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர், "வாங்கினா திருகாணிக்குக்கூட அவன் வாசல்ல போய் நிக்கணும், நிப்பீங்களா?" என்றார். தலைவி, வயதானவர், காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது பறக்குமா?"

"பறக்கும்மா. இதுவரைக்கும் நான் ஓட்டினதுல இவ்வளவு அழகா எதுவும் பறந்ததில்ல."

யாரோ சிரித்தார்கள்.

"சண்டைக்குத் தயாரா?"

கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்றுதான் போயிருந்தேன். பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இல்லம்மா."

திரைகளைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிக்காரர், "உங்க கண்ணு இருட்டியிருக்கலாமே?" என்றார். வீட்டில் கேட்ட அதே கேள்வி.

"வானம் இருட்டலைங்க. அது தெளிவாத் தெரிஞ்சுது."

"சரி பண்ண எவ்வளவு நாளாகும்?" தலைவி.

"தெரியாதும்மா."

"இத்தனை வருஷம், இத்தனை செலவு. இப்பவும் தெரியாதுன்னு சொல்றீங்க."

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா, அதை நம்பி ஒருத்தர் ஏறி உக்காருவாங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த அறையின் கூரை விலகி, நீலம் கொட்டுவது போல் இருந்தது. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன்.

மார்ச் 27

முடிவு வந்துவிட்டது. திட்டத்தை மூடவில்லை. வாங்கும் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டார்கள். அதுவும் கோளாறு தீர்ந்த பிறகுதான். அதுவரை படைகள் பழையதையே ஓட்டும்.

இறக்கை பொருத்தும் கூடத்தில் பாதி விளக்கு அணைந்திருக்கிறது. ஒப்பந்த ஆட்களை நிறுத்திவிட்டார்கள். தினமும் எனக்குக் கையாட்டும் பெண், இன்று தன் பெட்டியோடு வாசலில் நின்றாள். கையாட்டினேன். அவள் பேருந்து வருகிறதா என்று பார்த்தாள்.

அவன் முன்னறையில் படுத்துக்கொள்கிறான். முதுகு வலியாம்.

"முதுகு வலியாமே" என்றார் அத்தை. "பெத்தவளுக்குத் தெரியாத முதுகா?"

ஏப்ரல் 20

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. விமானம் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது. கதவில் இடிக்காமல் இருக்க இறக்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் கூச்சத்தோடு நின்றது. அவன் அதன் மூக்கைத் தடவி, "பயப்படாத, ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றான். என்னைப் பற்றித்தான். விழித்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அழுதேனா? தெரியவில்லை. தலையணை ஈரமாக இருந்தது.

ஜூன் 20

சோம்பேறி விழுந்துட்டான்.

பழைய வண்டி. ஏறும்போதே இன்ஜின் நின்னுபோச்சு. ஊர்ப் பக்கம் போகாம வயல் பக்கம் திருப்பிட்டுத்தான் குதிச்சிருக்கான். ரொம்ப தாழ்வா. உயிர் இருக்கு. முதுகெலும்பு –

புதுசு தயாரா இல்லன்னு நான் சொன்னேன். அதனால அவன் பழசுல ஏறினான். இதுல ரெண்டு பேச்சு என்ன இருக்கு?

ஜூன் 24

மருத்துவமனை. நானும் என் கணவனும் ஒரே காரில் போனோம்.

சோம்பேறி நினைவோடு இருந்தான். கால் விரல்கள் அசைகின்றன. நடப்பான் என்கிறார் மருத்துவர். இனி பறக்க மாட்டான். அதை யாரும் அவனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன்னால இல்ல" என்றான், நான் வாய் திறக்கும் முன்பே.

"உண்மையச் சொல்லு."

கூரையைப் பார்த்து யோசித்தான். "சரி. கொஞ்சம் உன்னாலதான். ஆனா குருட்டு வண்டிய தயார்னு சொல்லிக் குடுத்திருந்தா, அதுல எவனாவது போயிருப்பான். அதுவும் உன்னாலதான். நீ உக்காந்திருக்கற இடம் அப்படி. நடந்ததச் சொன்ன. வேற என்ன பண்ணியிருக்க முடியும்?" கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "சும்மா அழுதிட்டு நிக்காத. போய்ச் சரி பண்ணுங்க."

என் கணவன் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது.

"நான் வரட்டுமா? உன்கூட. மேல."

பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே தலைசுற்றும் ஆள். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருத்துவச் சோதனை, இருக்கையோடு குதிக்கும் பயிற்சி, இயக்குநரின் கையெழுத்து – எல்லாம் முடிந்து இன்று இரட்டை இருக்கை விமானத்தில் அவனை ஏற்றிக்கொண்டு போனேன்.

மேகத்தைத் துளைத்து வெளியே வந்ததும் அவன் மூச்சு ஒரு கணம் நின்றது என் தலைக்கவசத்துக்குள் கேட்டது. அங்கே காலை எப்போதும் அப்போதுதான் பிறந்தது போல இருக்கும். மேலே நீலம் கறுப்பாகிக்கொண்டே போகும். கீழே வெள்ளை, முடிவே இல்லாமல். இத்தனை வருடம் இதற்குக் கண்ணும் மூளையும் எழுதியவன் இதைப் பார்த்ததே இல்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்னு நினைக்கிறேன்."

"வலது பக்கம் திருப்பறேன். வயித்த இறுக்கிக்கோ. நான் வெளிய பாத்துத்தான் ஓட்டுவேன். நீ திரைய மட்டும் பாரு."

திருப்பினேன். உலகம் ஒரு பக்கமாகச் சரிந்தது, கன்னங்கள் தொங்கின, நிமிடம் தேன் போல மெதுவாக வழிந்தது. திரைகள் அணைந்தன.

பின்னாலிருந்து ஒரு கூச்சல். வலியில் கத்துகிறான் என்று நினைத்து நேராக்கினேன்.

"ஒண்ணா அணையல! வலதுதான் முதல்ல! அப்புறம் நடு, அப்புறம் இடது! நிரல் தப்புன்னா எல்லாம் ஒண்ணா போகணும். இது நிரல் இல்ல... சூடு! குளிர்விக்கற திரவம் போய்ச் சேரல. திரும்பறப்போ தொட்டில ஒரு பக்கமா ஒதுங்கிடுது. பம்ப் வெறும் காத்த உறிஞ்சுது. தரையில எப்படி வரும்? தரையில நாங்க எங்க திரும்பினோம்?"

பிறகு வாந்தி எடுத்தான். பையில்தான், பாவம்.

எங்கள் நிழல் கீழே மேகத்தில் வந்துகொண்டிருந்தது.

"தினமும் இதையா பாக்கற?"

"தினமும் இல்ல."

"எங்கிட்ட சொன்னதே இல்ல."

"திரை அணையுதுன்னும் சொன்னேன். பதிவுல இல்லன்ன."

"ஆமா" என்றான் கடைசியில். "சொன்ன. நான் கேக்கல."

ஆகஸ்ட் 13

முதுகு வலி சரியாகிவிட்டதாம்.

நவம்பர் 6

திரவத் தொட்டிக்குள் தடுப்புகள் வைத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன சாமான். இத்தனை நாள் நாடு சண்டை போட்டது இதைச் சுற்றித்தானா? இல்லை, இதற்கு முன்னால் வேறு ஏதோ, அதற்கும் முன்னால் வேறு ஏதோ. தாமதம் என்று அவர்கள் சொல்வது இவற்றின் மொத்தப் பெயர்.

இன்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடம், வலம், தலைகீழ். திரைகள் இமைக்கவே இல்லை. எண்கள் எல்லாம் தம் இடத்தில் பச்சையாக எரிந்தன. அந்த ஒரு மூச்சு நேர வெறும் வானம் இனி எனக்கு வராது என்று இறங்கும்போது தோன்றியது. கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 8

சோம்பேறிக்குப் போன் செய்து சொன்னேன். ஊன்றுகோலோடு நடக்கிறான். "அப்பாடா" என்றான். பிறகு லைன் துண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். துண்டாகவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மறுபடி அதே குழு, அதே குவளைகள். விலை இன்னும் ஏறியிருந்தது. கண்ணாடிக்காரர் அதை விடவில்லை, விடவும் கூடாது. அது அவர் வேலை.

"இப்பவாவது தயாரா?" தலைவி.

"தயார்மா."

"இனிமே கோளாறே வராதா?"

"நாங்க பாத்தது எல்லாம் சரியாயிடுச்சு. பாக்காதது இருக்கும். அது தெரிஞ்சா அன்னைக்கே வந்து சொல்லுவேன்."

அவர் காதுக் கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "போதும். அடுத்தது?" என்றார்.

மே 9, சனி

புது விமானங்களோடு முதல் படைப்பிரிவு எங்கள் ஊர்த் தளத்துக்கே வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. ஓட்டுவது எல்லாம் இளசுகள். பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சோம்பேறி, மெத்தை வைத்த நாற்காலியில்.

இன்று எனக்கு விடுமுறை. நானும் என் கணவனும் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு விமானங்கள் வீட்டுக்கு மேலே போயின. ஜன்னல் அதிர்ந்தது. அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவதும் போனதும் பொறுமை போய்விட்டது.

"என்ன சத்தம் இது! தினமும் இப்படித்தானா? யார்கிட்டயாவது புகார் பண்ணுங்கடா."

"பண்ணலாம்மா" என்றான் அவன், போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டியபடி.

நான் பிடித்துக்கொண்டேன். நான்காவதும் போயிற்று. இரண்டு பேருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.