உர்சுல் கப்பலுக்கு ஒரு குறிப்புச் சீட்டு

ஃபோரெஸ்ட் சைட், மொரீஷியஸ்
1996 ஜூலை 21, ஞாயிறு

அன்பு மகள் கொராலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், முழங்கால் அவருடையது, புலம்பல் இரண்டு பேருக்கும் பொது. நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் குட்டி எலோடியும் நல்ல சுகத்தோடு இருக்க மாதா துணை நிற்கட்டும். உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய், மறக்கவில்லை, நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தாளையும் கசக்கிப் போட்டேன். இது ஐந்தாவது, இதை எப்படியும் தபாலில் போட்டுவிடுவது என்று முடிவு. இங்கே கூர்ப்பிப் மேட்டுப் பக்கம் பதினோரு நாளாக வெயிலே இல்லை, துவைத்த துணியெல்லாம் சமையலறையில் தொங்குகிறது. வேலியில் விட்ட சூசூக் கொடி, சௌசௌதான், பக்கத்து வீட்டுக் கூரைவரை போய்விட்டது, இலை நம் பக்கம் காய் அவர்கள் பக்கம், அதற்கு அப்பா தினமும் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பஸ் ஓட்டுவதை விட்டதிலிருந்து சண்டை போட ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார், அந்தக் கொடி வந்து காப்பாற்றியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் உங்கள் பெர்த் மொரீஷியஸ் சங்கத்து ஆண்டு விழாவில் நம் தீவின் பெருமை என்று உன் பட்டறையில் செய்த சின்ன உர்சுல் கப்பலை மேசையில் வைக்கப்போகிறோம், பக்கத்தில் வைக்க அதன் வரலாற்றை நாலு வரி எழுதி அனுப்பு அம்மா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீயே அறிவாய், பட்டறையில் நாங்கள் பெல் உர்சுல் என்று முழுப்பெயர் சொல்வதில்லை, கூட வேலை பார்க்கும் பெண்பிள்ளை மாதிரிதான் பேசுவோம். உர்சுலுக்குச் சட்டை தைச்சாச்சா, உர்சுலுக்குச் சடை போட்டாச்சா என்று காலையில் தொடங்குவோம். பிரேம்வந்தி அக்கா பாய்த்துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் காயப்போட்டுத் தைப்பாள், ஆர்சேன் கப்பலின் உடம்பை மரத்தில் இழைத்துக் கொடுப்பான், நான் கயிறு கட்டுவேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை உர்சுல் என் கையால் போயிருக்கும், முந்நூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் பாய்மரத்தில் ஏறும் நூலேணி மட்டும் அறுநூறு முடிச்சுக்கு மேல். ஆனால் அவள் யார், எங்கே போனாள், என்ன ஏற்றினாள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. வரைபடம் பிரான்சிலிருந்து வந்தது, அடியில் ‘பழைய வணிகக் கப்பல்’ என்று இருந்தது, அவ்வளவுதான். முதலாளி முசியே லாமைக் கேட்டேன், மிளகு காப்பின்னு ஏதாவது எழுதேன் ஜிஸ்லேன், அந்தக் காலத்துல வேற என்னத்த ஏத்திருப்பான் என்றார்.

அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அந்த வாரமே ரியூனியன் தீவிலிருந்து மதாம் பாயே என்று ஓர் அம்மாள் பட்டறைக்கு வந்தாள், முன்பு பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வுபெற்ற பிறகு ஊர் ஊராகப் போய்ப் பழைய கப்பல் பதிவேடுகளைப் படிப்பதுதான் வேலையாம். கண்ணாடி அலமாரி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வரலாறு தெரிந்தவள் என்று முசியே லாம் சொன்னதும் எனக்குப் பெரிய சந்தோஷம், பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா, எங்க பொண்ணு ஆஸ்திரேலியாவுல இந்தக் கப்பலக் காட்சிக்கு வைக்கிறா, இதப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டேன். அவள் என் முகத்தையும் பார்த்தாள், என் சுருட்டைத் தலைமுடியையும் பார்த்தாள், கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உர்சுல் மிளகும் காப்பியும் பட்டும் ஏற்றியது உண்மை. நாலு பயணம் மட்டும் மொசாம்பிக் கரைக்குப் போயிருக்கிறாள், அங்கே ஏற்றியது மனிதர்களை, அடிமைகளாக விற்க. ஒரு பயணத்தின் பதிவேட்டு நகல் மதாம் பாயேயின் பையிலேயே இருந்தது, விரித்துக் காட்டினாள். ஏற்றியது இருநூற்றுப் பதினான்கு, நம் போர்ட் லூயியில் இறக்கியது நூற்று எழுபத்தொன்று. ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை என்று அழகான கையெழுத்து. பெயரே இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். நம்ம ஆளுங்க இதுலதான் வந்தாங்களா என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாதும்மா, இல்லன்னும் சொல்ல முடியாது” என்றாள். இதற்கு நான் என்ன செய்வது கொராலி, ஆம் என்றால் அழலாம், இல்லை என்றால் சிரிக்கலாம். என் கையில் பென்சில் அப்படியே இருந்தது, தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கடைசித் தண்டுவரைக்கும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஹொலாந்தா புயலுக்கப்புறம் தகரத்த எடுத்துட்டு கான்கிரீட் போட்டோமே, அது உர்சுல் போட்டது, கொராலி நர்ஸ் படிச்சாளே, அதுவும் உர்சுல் படிக்கவச்சது, அன்னைக்கு அவ நம்மள ஏத்திக்கிட்டு வந்திருந்தா இப்ப அவ நம்மளத் திரும்பத் தூக்கிவிடட்டுமே என்றார். அந்த நேரம் சரி என்று பட்டது. படுத்த பிறகு சரியில்லை என்று பட்டது. என் பிறந்தவீட்டுப் பெயர் உனக்குத் தெரியும், ஃபெவ்ரியே, பிப்ரவரி. பள்ளிக்கூடத்தில் மார்ச் எங்கே ஏப்ரல் எங்கே என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். பெயரில்லாத யாரையோ முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு பெயர் வைக்க ஒருவன் நாள்காட்டியைப் பார்த்திருக்கிறான் என்று ஐம்பத்து மூன்று வயதில்தான் எனக்கு உறைக்கிறது.

பட்டறையிலும் இதே பேச்சுத்தான். முசியே லாம் கெட்ட மனிதரில்லை, கப்பல்னா எல்லாத்தையும் ஏத்தும், எங்க தாத்தாவச் சீனாவுலேர்ந்து ஏத்துன கப்பல்ல அபினும் இருந்துச்சு, அதுக்காகக் கடல்மேல கோவிச்சுக்க முடியுமா என்றார். பிரேம்வந்தி அக்கா என்னைத் தேற்றத்தான் வாயைத் திறந்தாள். “எங்க முப்பாட்டனும் இந்தியாவுலேர்ந்து கூலியாக் கப்பல்லதான்டி வந்தான், சாட்டையடியும் பட்டான். ஆனா ஒண்ணு, அவன் பேரு தாள்ல இருக்கு, ஊரு இருக்கு, அப்பன் பேரு இருக்கு. ஒங்களுக்குப் பாவம் அதுகூட இல்ல” என்றாள். அவள் பாவம் என்று சொன்னது எனக்கு ஊசி மாதிரி இறங்கிவிட்டது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, அவள் கொண்டுவந்த மிளகாய் வடையையும் தொடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அதோடு முசியே லாமிடம் போய் இனி உர்சுலுக்கு நான் கயிறு கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு கப்பலைக் கொடுத்தார், ஒரு டச்சுக் கப்பல், பெருத்த வயிறு, எனக்குப் பிடிக்காதது. உர்சுலை வேறு வழியில்லாமல் பிரேம்வந்தி அக்கா கையில் கொடுத்தார். அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியும், நூலேணி கட்டத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு என் டச்சுக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கண் ஓரத்தில் தெரிகிறதே, என்ன செய்ய. ஒரு படி மேலே, ஒரு படி கீழே, இடதுபக்கத்துக் கயிறு தொய்ந்து தோரணம் மாதிரி தொங்குகிறது. திங்கள் பொறுத்தேன், செவ்வாய் பொறுத்தேன். புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எழுந்து போய் அவ்வளவையும் அறுத்துப்போட்டுவிட்டு நானே கட்ட ஆரம்பித்தேன். பிரேம்வந்தி அக்கா சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தாள், ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து நூலை அளந்து அளந்து வெட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் சொன்னது தப்பாடி என்று கேட்டாள். தெரியலக்கா என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் அந்த நாலு தாளிலும் எழுத முடியாமல் கசக்கினேன். எல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு அவள் அழகாகத்தான் தெரிகிறாள். அந்த முன்பக்க வளைவும், மூன்று பாய்மரமும் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதும், கயிறு எல்லாம் ஏறியதும் மூச்சு வந்த மாதிரி நிமிர்வதும். இப்படி ஒன்றைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் வயிற்றில் மனிதர்களை அடைக்க எப்படி மனம் வந்தது, அதைத் தெரிந்துகொண்ட என் கை எப்படி எப்போதும்போல முடிச்சுப் போடுகிறது. பாதிரியாரிடம் கேட்டேன், ஜெபம் செய் என்றார், செய்கிறேன், பதில் வந்தால் உனக்கும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை முசியே லாம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். ஹாம்பர்க்கிலிருந்து ஆறு உர்சுல் வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டார். “நீ சொல்லு ஜிஸ்லேன். வேணாம்னா வேணாம். அந்த ஆளுக்கு வேற கப்பல் அனுப்பிக்கிறேன், இல்லன்னா ஆர்டர் போனாப் போகட்டும்.” ஆர்சேன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டான். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை கொராலி, எனக்கு என்ன தெரியும், நான் கயிறு கட்டுகிறவள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன், வந்தது வேறு. “செய்வோம் முசியே. ஆனா மேல்தளத்துல நடுவுல, சரக்கறைக்கு மேல, கட்டம் போட்ட மூடி இருக்குல்ல, அத ஒட்ட வேணாம். தெறந்தே இருக்கட்டும்” என்றேன். ஆர்சேன் சிரித்தான், தெறந்து வச்சா தூசி இறங்கும், உள்ள ஒண்ணும் இல்லையே, வெறும் இருட்டுத்தான என்றான். “தெரியும். அது தெரியட்டும்னுதான் சொல்றேன்” என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். வாங்குறவன் கேட்டா என்ன சொல்றது என்று முசியே லாம் கேட்டார். கேட்டா சொல்லுங்க என்றேன். கேக்காட்டி என்றார். நான் நூலை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே சரி என்றார். நேற்று ஆர்சேன் முதல் உடம்பை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான், மூடியைத் தனியே ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தான், பக்கத்தில் சாய்த்து வைத்துக் கட்டிக்கொள் என்று.

நீ கேட்ட சீட்டுக்கு நான் எழுதிவைத்தது இது: ‘பெல் உர்சுல். மிளகும் காப்பியும் பட்டும் ஏற்றிய கப்பல். மனிதர்களையும் ஏற்றியது. ஒரு பயணத்தில் 214 பேரை ஏற்றி 171 பேரை நம் தீவில் இறக்கியது. அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. இந்த மாதிரியின் உடம்பைச் செய்தது ஆர்சேன், பாய் தைத்தது பிரேம்வந்தி, கயிறு கட்டியது ஜிஸ்லேன்.’ எங்கள் பெயர்களைப் போடுவது திமிரா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது, வேண்டாம் என்று பட்டால் அடித்துவிடு. சங்கத்துக்காரர்கள் விழா நாளில் இது எதற்கு என்று முகம் சுளித்தால் சண்டை போடாதே, கப்பலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. கிரெய்கின் அம்மா அதை ஆசையாகத் துடைப்பாள் என்று எழுதியிருந்தாய், அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஈரத்துணி மட்டும் போடவேண்டாம் என்று சொல், முடிச்சு தளர்ந்துவிடும்.

அங்கேயும் இப்போது குளிர், இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள், காலையில் வெறும் காப்பியோடு நிற்காதே. உன் கப்பலில் மூடி ஒட்டித்தான் இருக்கும், நீ கேட்கும் முன்னால் ஆர்சேனிடம் கேட்டு வைத்தேன், வினிகரில் நனைத்த சிறு துணியை ஓரத்தில் கால்மணி நேரம் வைத்து மெல்லிய கத்தியால் நெம்பினால் மரம் சிதையாமல் வந்துவிடுமாம். எடு என்று நான் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை, உன் வீடு, உன் இஷ்டம். எடுத்தாயானால் எலோடி முதல் வேலையாக அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்திலேயே எழுதியிருப்பேன். நீங்கள் மூவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறாண்டு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா,
ஜிஸ்லேன்