சீனி போடாத ஹெட்போன்

இன்று காலை ஹெட்போனின் காதுமெத்தையை மாற்றினேன். பழையது ஒரு மாதமாகவே உரிந்துகொண்டிருந்தது. வேலை முடித்து எழுந்தால் கன்னத்திலும் கழுத்திலும் கறுப்புப் பொடி. வண்டிப்பெரியார் பஸ்ஸில் இரண்டு பேர், தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா என்றே கேட்டுவிட்டார்கள். புது மெத்தை தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் ரெக்ஸின் வாசனை, அன்றைக்குக் குமுளிக் கடையில் அடித்த அதே வாசனை. நீ அங்கே ஒவ்வொரு ஹெட்போனையும் முதலில் முகர்ந்து பார்த்தாய். கடைக்காரருக்கு அப்போதே நம் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நெஞ்சை அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏறியவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய். அதில் எனக்கு உன் மேல் இன்னும் கோபம்தான். ஆனால் நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகு போய், தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாமல் நான் எஸ்டேட் லயத்து வீட்டில் முடங்கிக் கிடந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். தபால் வழியில் படித்து வாங்கிய பட்டம் பெட்டியில் தூங்கியது. அப்போதுதான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் அந்த வேலை வந்தது. பேட்டி, வகுப்பு, கூட்டம் என்று பதிவுகளை அனுப்புவார்கள்; கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து தர வேண்டும். கேட்காத இடத்தில் ஒரு கோடு போடலாம். கோடு அதிகமானால் வேலை கிடையாது. என் முதல் வாரத்துப் பக்கங்களில் எழுத்தைவிடக் கோடுதான் அதிகம். போனோடு வந்த இயர்போனைக் காதில் குத்திக்கொண்டு, தகரத்தில் மழை விழும் வீட்டில் நான் வேறென்ன செய்வேன்? மேற்பார்வை பார்க்கும் பெண் மரியாதையாகத்தான் எழுதினாள். காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்போன் வாங்குங்கள், அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் தொடர முடியாது என்றாள்.

இரண்டு நாள் போனில் தேடினேன். ஒருவர் புகழ்ந்ததை இன்னொருவர் கரித்துக்கொட்டினார். என் கைக்கு எட்டும் விலையில் ஒன்றுதான் வாங்க முடியும். அது தப்பாகப் போனால் வேலையும் போகும். ஷிஃப்ட் முடிந்து வந்த உன்னிடம் நான் பெயர் பெயராக ஒப்பித்தேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"நீ அதுல பாட்டா கேக்கப் போற, பேச்சா?"

பேச்சு என்றேன்.

"அப்பப் பேச்சை வச்சுல்ல பாக்கணும். எடு போனை."

உன் வேலையிலிருந்து வந்த புத்தி அது. ஃபேக்டரியில் டீ ருசி பார்க்கும் அறையில் கோப்பைகளை அடுக்குவது நீதான். எல்லாக் கோப்பையிலும் ஒரே அளவு தூள், ஒரே கொதிநீர், ஒரே நேரம். டீமேக்கர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார். எதிலும் சீனி கிடையாது. "சீனி போட்டா எந்தத் தூளும் நல்ல தூளுதான்" என்று நீ அடிக்கடி சொல்வாய். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பாய்.

என் போனை உன் வீட்டுக்கு எடுத்துப் போனாய். வெளியே மழை, உள்ளே அடுப்பு, நடுவில் நீ. மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி மாற்றி லயத்துக் கதையெல்லாம் பேசிப் பதிந்து கொண்டுவந்தாய். மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு குமுளிக்கு பஸ் ஏறினாய்.

கடையில் மூன்றை எடுத்து வரிசையாக வைக்கச் சொன்னாய். முதலாவதில் நீல விளக்கெல்லாம் எரிந்தது. "சேச்சி, இது நல்ல பாஸாணு" என்று முழக்கத்தை மலையாளத்தில் புகழ்ந்தபடி கடைக்காரர் நீட்டினார். போட்டதும் நான் அசந்துபோனேன். என்ன கனம், என்ன முழக்கம்! இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அதைக் கழற்றி உன் காதில் வைத்துப் பார்த்தாய். "இதுல சத்தம் கூடுதல் புள்ள. மத்ததையும் இதே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டுக் கேளு" என்றாய். சத்தத்தைச் சமப்படுத்தியதும் முழக்கத்தின் சாயம் வெளுத்தது. உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இரண்டாவது ஒயர் இல்லாதது. மோசமில்லை. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு ஒயர் இருந்தால் என்ன, அதற்குக் கொடுக்கும் காசு சத்தத்துக்குப் போகட்டுமே என்று நீ கடைக்காரரிடமே கேட்டாய். மூன்றாவது ஒரு அழகும் இல்லாத கறுப்பு ஹெட்போன். மெத்தை பிய்ந்தால் மாற்றலாமா, ஒயர் போனால் ஒயரை மட்டும் வாங்கலாமா என்று விசாரித்தாய். கண்ணாடியோடு போட்டுக்கொண்டு கழற்றாமல் உட்காரச் சொன்னாய். பத்து நிமிஷத்தில் நெற்றியோ காதோ வலித்தால் வேண்டாம் என்று கடியாரத்தைப் பார்த்தபடி எதிரில் நின்றாய். வந்த வாடிக்கையாளர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கூச்சத்தில் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

திடீரென்று நான் நிமிர்ந்தேன். என்ன என்று கேட்டாய்.

"காது வலிக்கல. இதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

அதன்பின் நடந்தது உனக்குத் தெரியும். அடுத்த வாரத்துப் பக்கங்களில் கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வேலை நிலைத்தது. உன் கோப்பை வித்தையால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று டீமேக்கர் வரைக்கும் சொல்லித் திரிந்தாய். நான் எழுதிய ஒரு பக்கத்தை அச்செடுத்து வாங்கிப் போய், ஃபேக்டரியில் எல்லாருக்கும் காட்டினாய். இப்போது மற்றவர்கள் எழுதிய பக்கங்களைத் திருத்துவது நான். புதிதாகச் சேர்கிறவர்கள் எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கப் போவதை வைத்துப் பார், சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேள், பத்து நிமிஷம் கழற்றாதே என்று எழுதுவேன். இது ஒரு தேயிலை ஃபேக்டரியில் கோப்பை அடுக்கியவள் சொன்னது என்றும் சேர்த்துத்தான் எழுதுவேன். அந்த வரியை எழுதும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

சரி, சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். நான் அதை எடுத்தது காது வலிக்காததால் அல்ல. முந்தின நாள் உன் வீட்டில் நீ பேசி முடித்ததும் பதிவு நின்றுவிட்டதாக நினைத்து போனை அலமாரியில் வைத்திருக்கிறாய். அது நிற்கவில்லை. முதலாவதில் பதிவின் அந்தக் கடைசிப் பகுதி வெறும் முழக்கமாக இருந்தது, இரண்டாவதில் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்டது. மூன்றாவதில் மழைக்கு அப்பால் உன் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டது தெளிவாகக் கேட்டது. அடுத்தவள் காதுக்கு மெஷின் வாங்க நீ ஏன் ஒரு நாள் சம்பளத்தை விடுகிறாய் என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டே நீ பதில் சொன்னாய்.

"என் ஜாமெட்ரி பாக்ஸ வச்சுத்தான் அவ படிச்சா. அவ எழுதுனா நான் எழுதுன மாதிரித்தான்."

ஏழாம் வகுப்போடு உன்னை நிறுத்தியபோது அந்தப் பெட்டியை என் மடியில் போட்டு, வீட்டில் கிடந்தால் துருப்பிடிக்கும், வைத்துக்கொள் என்றாய். அதற்குமேல் ஒரு வார்த்தையும் நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. கடையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன். சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், நீயும் ஏதாவது சொல்லிக் கேலி செய்திருப்பாய். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

இன்று புது மெத்தையைப் போட்டு, அந்தப் பதிவை முதல்முறையாகத் தட்டச்சு செய்தேன். மழை, அடுப்பு, லயத்துக் கதை, உன் வீட்டுக்காரரின் சலிப்பு, கடைசியாக நீ சொன்ன அந்த இரண்டு வரி. பக்கத்தின் மேலே, 'எழுதியவர்' என்ற இடத்தில் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். முழுதாகத் திருத்திப் பார்த்துவிட்டேன். ஒரு கோடுகூட இல்லை.