ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று

என் செல்ல வாண்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே நலம். நீ அங்கே நலமாக இருக்கிறாயா, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, காலையில் வெறும் காப்பியோடு ஓடாமல் வயிற்றுக்கு ஏதாவது போடுகிறாயா என்பதுதான் என் கவலை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாட்டு செட்டில் ஏதாவது ஒன்றை மட்டும் நல்லதாக மாற்றிக்கொள்ளுங்கள், எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிப் பணம் அனுப்பினாயே, அது செலவாகிவிட்டது. செட்டில் ஒரு திருகாணிகூடப் புதிதாக வரவில்லை. இரு இரு, போனை எடுக்காதே, முழுவதும் படி. போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும், நீ ஒன்றும் புரியாமல் பயந்துபோவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பணம் வந்த அன்றைக்கே வீடு இரண்டுபட்டது. ஆம்ப்ளிஃபயர்தான் என்று உங்கப்பா ஒற்றைக்காலில் நின்றார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தானே, மோட்டார் சரியில்லன்னா பளபளன்னு பெட்டி இருந்து என்ன பிரயோஜனம், ஆம்ப்ளிஃபயர்தான்டி மோட்டார் என்று பல் விளக்கும்போதுகூட நுரையோடு சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கர்தான் என்றேன். பாட்டு வர்றது அது வாய் வழியாத்தானே, வாய் கரகரன்னா உங்க மோட்டார் என்ன பண்ணும் என்று கேட்டேன். சிடி ப்ளேயருக்காகப் பேச ஒரு ஆள் இல்லை, பாவம். உனக்குத்தான் தெரியுமே, ஒரு ஸ்பீக்கர் ஹாலில் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில், இன்னொன்று என் சமையலறையில் ஃப்ரிட்ஜ் தலையில். நீ பிறந்த வருஷம் நான் கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தேன், நாளெல்லாம் ஓவன் முன்னால நான் வேகறேன், நீங்க மட்டும் ஜாலியா பாட்டு கேக்கறீங்க என்று ஒரு நாள் கண்ணைக் கசக்கினேன், அன்று சாயங்காலமே கதவு நிலைக்கு மேலே வயர் இழுத்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதிலிருந்து பாட்டு இல்லாமல் எனக்குக் கை ஓடாது. முட்டை அடிப்பதிலிருந்து க்ரீம் பூசுவது வரை எல்லாம் அது பாடப்பாடத்தான். அதனால்தான் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்று அப்படி அடித்துக்கொண்டேன்.

கடைசியில் மைக்செட்காரரைக் கூப்பிட்டார் அப்பா. அதுதான், கல்யாண மண்டபத்துக்கெல்லாம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறாரே, அப்பாவின் சிநேகிதர். சனிக்கிழமை காலையில் வந்தார், ஹாலில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார், ஒரு ஸ்பீக்கர்தானே இருக்கு, இன்னொண்ணு எங்க என்றார். சமையலறையில் என்றேன். பேய் முழி முழித்தார். அம்மா, எத்தனை நாளா இப்படி என்று டாக்டர் மாதிரிக் கேட்டார். இருபத்தெட்டு வருஷமா என்றேன். மனுஷன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் ஸ்பீக்கரை இறக்கி முன்பக்கத் துணியைக் கழற்றினால், அதிலிருந்து மைதா மாவு கொட்டுகிறது வாண்டு, சத்தியமாகக் கொட்டுகிறது, இதுல இன்னொரு கேக் போடலாம்மா என்றார். துடைத்து, தட்டி, இரண்டையும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்தார். எந்தப் பாட்டு என்று கேட்டார், நாங்கள் சண்டை போடும் பாட்டையே போடச் சொன்னோம்.

அந்தச் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். பாட்டுக்கு நடுவில் புல்லாங்குழல் வருகிறது என்று நான் சொல்வேன், புல்லாங்குழலும் கிடையாது ஒண்ணும் கிடையாது, வெறும் வயலின்தான், உனக்குக் காதுல மாவு போயிருக்கு என்று அவர் சொல்வார். நான் மாவுக் கையோடு ஹாலுக்கு ஓடி வருவேன், வாக்குவாதம் அரை மணி நேரம் நடக்கும், ஒரு தடவை ஒரு பிறந்தநாள் கேக்கே அமுங்கிப்போனது. அன்றைக்கு இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடியபோதுதான் விஷயம் தெரிந்தது. வயலின் இந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி கேட்கிறது, புல்லாங்குழல் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அவருக்குக் கேள்வி மட்டும், எனக்குப் பதில் மட்டும்! நான் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏன்டி, ஹாலில் உட்கார்ந்து படிப்பாய், சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவாய், நடுவில் நடந்த நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

மைக்செட்காரர் சொன்ன முடிவு இதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், ரெண்டும் ஒண்ணா இருந்தாலே போதும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என் சமையலறை ஊமையாகிவிடுமே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஹால்லயே இருக்கட்டும், நீங்க முழுசா கேளுங்க என்றேன். அப்பாவா கேட்கிற ஆள், நீ பாட்டு இல்லாம எப்படி வேலை செய்வே, பாதியே எனக்குப் போதும் என்று தூக்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் மேலே வைத்தார். நான் திரும்ப எடுத்து வந்தேன். அவர் திரும்ப எடுத்துப் போனார். முட்டி வலியை வைத்துக்கொண்டு இரண்டு கிழங்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நீங்க முடிவு பண்ணுங்க, நான் போய் டீ குடிச்சுட்டு வரேன் என்று போன மைக்செட்காரர் போனவர்தான்.

நான்காவது தடவை போகும்போது அப்பா நடுவில் நின்றுவிட்டார். ஸ்பீக்கரை என் கையில் கொடுத்துவிட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை விரல் முட்டியால் தட்டித்தட்டிப் பார்த்தார். இது பாரம் தாங்கற சுவரே இல்ல, சும்மா தடுப்பு என்றார். எனக்குப் புரிவதற்குள் கொத்தனாருக்குப் போன் பண்ணிவிட்டார். அவரும் வந்து மேலே கீழே பார்த்து ஆமாம் என்றார். இடுப்புக்கு மேலே மொத்தச் சுவரையும் எடுத்தாச்சு வாண்டு! இப்போது நான் மாவு பிசைகிற மேடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே இரண்டு ஸ்பீக்கர், நடுவில் உங்கப்பா தலை. எதை முதலில் மாற்றுவது என்று ஒரு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டோம், கடைசியில் உடைத்தது சுவரை. உன் பணம் கொத்தனாருக்கும் பூச்சுக்கும் போனது. மூன்று நாள் ஓவனைப் போர்வையால் மூடிவைத்தேன், இன்னும் எங்கே தொட்டாலும் தூசி, ஆனால் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நேற்றுக் காலை முட்டை உடைத்துக்கொண்டே, ஏங்க, நீங்க மெக்கானிக்காச்சே, ரெண்டும் சேர்ந்துதான் இருக்கணும்னு அன்னைக்கே தெரியாதா என்று கேட்டேன். தெரியும், கடைக்காரர் சொல்லித்தான் குடுத்தார், ஆனா இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாது என்றார். அப்ப தெரிஞ்சேதான் பாதிப் பாட்டு கேட்டீங்களா என்றேன். மீதி உனக்கு வேணும்ல என்றார். சரி, புல்லாங்குழல் இருக்குன்னும் தெரிஞ்சிருக்குமே, அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் இல்லவே இல்லைன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னீங்க என்று விடாமல் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார், கொஞ்ச நேரம் வந்து உக்காருன்னு கூப்பிட்டா வேலை இருக்கும்பே, சண்டைன்னாதான் எழுந்து வருவே. முட்டையை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓவனுக்குள்ளே இருந்த கேக் கருகிப்போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீயும் அங்கே எந்நேரமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்காதே, கூட யாராவது இருந்தால் நல்லது, சும்மா சொல்கிறேன், திட்டாதே. தலைக்கு எண்ணெய் வை. நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீ நீண்ட காலம் நன்றாக இரு கண்ணு. அப்பா சொன்னதை நான் எழுதினேன் என்று மட்டும் அவரிடம் காட்டிக்கொள்ளாதே, வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மாடியிலேயே இருப்பார், எனக்கு இங்கே ஆள் வேண்டும்.

ஹாலிலிருந்து,
உன் அம்மா