அடுக்களைச் சுவரில் வெடிப்பு

செப். 12, வெள்ளி

காலையிலேயே அனல். மேற்கே கொஞ்சம் மேகம், நம்பத் தகுந்ததல்ல. கழுகுமலை பஸ்ஸில் கோவில்பட்டி வரை நின்றபடி. பக்கத்தில் நின்ற பெண் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருந்தாலும்.

கல்லூரியில் மண் வகைகள் ஆரம்பம். பேரா. காட்டிய கரிசல் படம் எங்கோ எடுத்தது. நம்ம ஊர் மண்ணுக்கு அவ்வளவு பளபளப்பு ஏது? அசைன்மென்ட்: அவரவர் ஊரில் தரை வெடிப்பை அளந்து படம் வரைய வேண்டும். எங்கள் வீட்டில் தரைக்கே போக வேண்டாம், சுவரிலேயே இருக்கிறது. சொல்லவில்லை.

வாங்க: கிராஃப் தாள், அளவு நாடா, அம்மாவுக்குத் தைலம்.

செப். 13, சனி

அடுக்களைச் சுவர் வெடிப்பு ஜன்னல் வரை வந்துவிட்டது. விரல் நுழைகிறது. வீடு கட்டி ரொம்ப நாள்கூட ஆகவில்லை. கட்டியது கொத்தனார் மாமா, அம்மாவின் சொந்த அண்ணன். அஸ்திவாரக் குழியில் அவர் மணலைக் கொட்டியதை அப்பா கண்ணால் பார்த்தார். மணல் மேல் கட்டிய வீடு விழும் என்று பைபிளிலேயே இருக்கிறது, ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் சொல்லும்.

சுவர் வெடித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அடுத்த தெருதான். வியாழன் மாமா மகளுக்குக் கல்யாணம். அத்தைக்காரி அம்மா இல்லாமல்.

அப்பா: “அந்தப் பக்கம் எவளாவது போனா அங்கனயே இருந்துக்கிடட்டும்.”

அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் அப்பா கட்சி. மாமா அதிகம் சிரிக்கிறவர். அப்படிப்பட்டவர்களை நான் நம்புவதில்லை.

செப். 14, ஞாயிறு

வேதக்கோயிலில் மூன்றாவது முறையாக மாமா மகளின் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. சளியாம்.

வெளியே மாமா அம்மாவிடம், “நீ வருவல்லா, தங்கச்சி?” அம்மா செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

செப். 15, திங்கள்

கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். வேலிக்கல், மின்கம்பம், சுவர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். இதுவரை சரி. அடுத்து பேரா. சொன்னது: “கரிசல்ல வீடு கட்டுனா குழியில இருக்க கரிசலை அள்ளிட்டு மணல் போடணும். மணல் வீங்காது, சுருங்காது.”

பேனா நின்றுவிட்டது. “சார், மணல் போட்டா வீடு விழுந்துராதா?”

“யாரும்மா சொன்னா?”

யாரென்று சொல்வது? நூலகத்தில் வேறு இரண்டு புத்தகம் பார்த்தேன். அதிலும் மணல்தான். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்திருக்கலாம்.

மாலை அம்மாவிடம் சொன்னேன். “அப்படியாட்டி?” என்றாள். மாவு பிசைகிற கை நின்றது. பிறகு இன்னொரு முறை முழுசாகச் சொல்லச் சொன்னாள்.

செப். 16, செவ்வாய்

கல்லூரிக்கு மட்டம். அப்பா காட்டு வேலைக்குப் போனதும் களைவெட்டியால் சுவரோரம் தோண்டிப் பார்த்தேன்.

வாசல் பக்கம்: மணல். வெடிப்பு இல்லை.
அடி குழாய்ப் பக்கம்: மணல். இல்லை.
தொழுவப் பக்கம்: மணல். இல்லை.
அடுக்களைப் பக்கம்: சுத்தக் கரிசல்.

மாமா பிடிபட்டார். மூன்று பக்கம் போட்டுவிட்டு நான்காவதில் கையை வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நினைத்தேன்.

அம்மாவிடம்: “ஒரு பக்கத்து மணலை மாமா மிச்சம் புடிச்சிட்டாவ போல.”

“எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாவ.”

“பின்ன மணல் எங்க போச்சு?”

அம்மா முகம் விழுந்துவிட்டது. ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

செப். 17, புதன்

மேகம் வந்தது, போனது. வெடிப்புப் படம் முடிந்தது. மாமா வீட்டுப் பந்தல் பாட்டு இங்கே வரை. நாளை கல்யாணம்.

சாயங்காலம் அப்பா அடுக்களைப் பக்கமாக வந்து நான் தோண்டிய குழியில் காலை விட்டுவிட்டார். “ஏட்டி, இத எவ தோண்டுனா?”

அசைன்மென்ட் என்றேன். மண்ணைப் பற்றிப் படிக்கிறேன் என்றதும் கோபம் போய்விட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

“ஒங்க மாமன் நாலு பக்கமும் மணலைத்தான் கொட்டுனான். அவன் ஊர்ல இல்லாத அன்னைக்கு நான்தான் இந்தப் பக்கத்து மணல அள்ளி எறிஞ்சிட்டு, நல்ல கரிசலாப் போட்டு, திமிசுக் கட்டையால இடிச்சி விட்டேன். அதுக்குள்ள வந்துட்டான். இல்லேன்னா நாலையும் மாத்திருப்பேன்.”

“இந்தச் சுவர்தானப்பா வெடிச்சிருக்கு?”

“மத்த மூணு பக்கத்து மணலும் சேந்து இத இழுத்துட்டு.”

வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அப்பா.

அம்மா காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். வெடிப்பை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். டம்ளரை அப்பா பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாள்.

“எங்கட்டி கெளம்பிட்ட?”

“எங்கண்ணன் வீட்டுக்கு. நீங்களும் வாங்க. இப்ப சொன்னத அங்கன வந்து சொல்லுங்க.”

அம்மா போயாயிற்று. அப்பா இன்னும் படிக்கட்டில்தான். காபி ஆறிவிட்டது.